மூன்று மொழிகளைக் கோக்கும் ஒரே சொல்: ஓசூர் எல்லையில் ‘கூடு’ தெரியுமா?

ஓசூர் பேருந்து நிலையத்தில் தேநீர்க் கடையோரம் கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்று பாருங்கள். “நானும் கூட வரேன்” என்கிறார் ஒருவர். பக்கத்தில் நிற்பவர் கன்னடத்தில் “நானு கூட பர்தீனி” என்கிறார். மூன்றாமவர் தெலுங்கில் “நேனு கூடா வஸ்தானு” என்கிறார். மூன்று மொழி, மூன்று வாக்கியம், நடுவில் உட்கார்ந்திருப்பதோ ஒரே சொல்! ‘கூட’. இதை யாரும் யாரிடமிருந்தும் கடன் வாங்கவில்லை தெரியுமா? தமிழும் கன்னடமும் தெலுங்கும் தனித்தனி மொழிகளாகப் பிரிவதற்கு முன்பிருந்தே வந்த குடும்பச் சொத்து அது.

பொருள்களையும் மனிதர்களையும் ஒன்று சேர்ப்பதற்குத் தமிழில் சொற்களா இல்லை? சேர், இணை, தொகு, கோ, பிணை, புணர் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால், ‘கூடு’ என்ற வினைச்சொல்லைப் போல் எல்லையின் இரண்டு பக்கமும் கிளைவிட்டுப் படர்ந்த சொல்லைக் காண்பது அரிது. மோட்டார் பாகங்களும் கடிகாரச் சக்கரங்களும் ஆறுகளும் நெடுஞ்சாலைகளும் வந்து கூடுகிற, ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம்தான் இந்தச் சொல்லின் முழு அழகையும் பார்க்கச் சரியான இடம்.

டி. பரோ, எம். பி. எமனோ என்ற இரண்டு மொழியறிஞர்கள் திராவிட மொழிகளின் வேர்ச்சொற்களை எல்லாம் திரட்டி ஓர் அகராதி செய்தார்கள். பரோ ஆக்ஸ்போர்டில் இருந்தார். எமனோ கலிபோர்னியாவில் இருந்தார்; 1930-களில் நீலகிரிக்கே வந்து தங்கித் தோடர், கோத்தர் மொழிகளைக் காதால் கேட்டு எழுதியவர். அகராதி முதலில் 1961-இல் வந்தது. விரிந்த இரண்டாம் பதிப்பு 1984-இல் வந்தது. 5,500-க்கும் மேற்பட்ட பதிவுகள்! அதில் ‘கூடு’ என்ற பதிவைத் திறந்தால் தமிழ், மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு என்று உறவினர்கள் வரிசையாக நிற்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே அடிப்படைப் பொருள்: ஒன்று சேர்.

ஓசூர், தளிப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் தமிழ்வழியோடு தெலுங்கு, கன்னட வழிகளும் உண்டு. ஒரே ஊரில் மூன்று குழந்தைகள் மூன்று மொழியில் கணக்குப் போடுகிறார்கள். தமிழ்ப் பிள்ளை போடுவது ‘கூட்டல்’. தெலுங்குப் பிள்ளை போடுவது ‘கூடிக’. கன்னடப் பிள்ளைக்கு அது ‘கூடுவுது’. இரண்டும் மூன்றும் ஐந்து என்பது மட்டுமா பொது? அதைச் செய்யும் வினையும் பொதுதான்!

‘கூடாது’ எப்படி ‘கூடு’வில் பிறந்தது?

எனக்கு இந்தச் சொல்லின் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இது. “வரக்கூடாது”, “தொடக்கூடாது” என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம்! தடுப்பதற்கு, விலக்குவதற்கு, எட்டி நில் என்று சொல்வதற்கு நாம் எடுக்கும் சொல்லின் வேர் ‘ஒன்று சேர்’ என்பது. தெரியுமா?

ஒரு காரியம் நடப்பதற்கு வேண்டியவை எல்லாம் ஒன்று சேர்ந்தால் அது ‘கூடும்’, அதாவது நடக்கும், இயலும். “கல்யாணம் கூடி வந்தது”, “காரியம் கைகூடியது” என்று சொல்கிறோம் அல்லவா? அந்தக் கூடுதல்தான். “மழை வரக்கூடும்” என்றால் மழைக்கு வேண்டியது எல்லாம் சேர்ந்து வருகிறது என்பதே ஆதிப் பொருள். அதன் எதிர்மறை ‘கூடாது’: சேர்ந்து வராது, பொருந்தாது. பொருந்தாதது தகாதது ஆயிற்று. தகாதது செய்யத்தகாதது ஆயிற்று. சேர்க்கையில் பிறந்த சொல் தடையாக வந்து நின்றது இப்படித்தான்.

ஆச்சரியம் இத்தோடு முடியவில்லை. அத்திப்பள்ளியைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் போங்கள். அங்கே ‘பரகூடது’ என்றால் வரக்கூடாது. ஆந்திரத்துப் பக்கம் போங்கள். ‘ராகூடது’ என்றால் வரக்கூடாது. ‘கூடு’ என்ற வேர் ‘சேர்’ என்ற பொருளிலிருந்து ‘செய்யாதே’ என்ற பொருளுக்கு நடந்த அந்த நீண்ட பாதையை மூன்று மொழிகளும் நடந்திருக்கின்றன! கன்னடப் பேச்சில் ‘பரபார்து’ என்பதுதான் அதிகம் காதில் விழும். கொஞ்சம் கண்டிப்பும் எழுத்து நடையும் வரும்போது ‘கூடது’ எட்டிப் பார்க்கும். தெலுங்கிலோ வீட்டுக்கு வீடு குழந்தைகளை மிரட்டுவதே இந்தக் ‘கூடது’வை வைத்துத்தான்.

இன்னொன்று. கன்னடத்தில் ‘கூடலே’ என்றால் ‘உடனே’ என்று பொருள். சேர்வதற்கும் வேகத்துக்கும் என்ன தொடர்பு என்று யோசிக்கிறீர்களா? நம் ‘உடனே’யைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அது ‘உடன்’ என்பதிலிருந்து வந்தது. உடன் என்றாலும் ‘கூட’ என்றுதானே பொருள்? ஒரு செயலோடு அடுத்த செயல் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு வந்தால் அதுதான் உடனே, அதுதான் கூடலே. சொல் வேறு, அதற்குள் இருக்கும் எண்ணம் ஒன்றே!

தேர்தல் வந்தால் நாம் ‘கூட்டணி’ பேசுகிறோம். அதே நாளில் தெலுங்குத் தொலைக்காட்சியில் ‘கூடமி’ பேசுகிறார்கள். கன்னடச் செய்தித்தாளில் ‘மைத்ரிகூட’ என்று எழுதுகிறார்கள். மூன்றும் அதே வேர்தான். நாம் ‘கூட்டாட்சி’ என்று சொல்லும் இடத்துக்குக் கன்னடத்தில் ‘ஒக்கூட’ என்று ஓர் அருமையான சொல் உண்டு. ஒன்றாகக் கூடியது, ஒன்றியம் என்று அர்த்தம். ஐரோப்பிய ஒன்றியத்தைக் கூட அவர்கள் அப்படித்தான் குறிக்கிறார்கள். (இந்த வாக்கியத்திலும் ஒரு ‘கூட’ வந்து உட்கார்ந்துவிட்டது, கவனித்தீர்களா? இந்தச் சொல்லைத் தவிர்த்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள், தெரியும்!)

சமையலறைக்குள் போனால் கூட்டு, கூட்டாஞ்சோறு. பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ‘கூட்டுப் பெருங்காயம்’ என்று போட்டிருக்கும். பிசினைத் தனியாக விற்றால் காரம் தாங்காது என்று மாவும் கோந்தும் கூட்டிச் செய்தது என்பதற்கான அறிவிப்பு அது.

ஆறுகள் கூடும் இடம்

துங்காவும் பத்ராவும் சேரும் இடத்தின் பெயர் கூடலி. சிவமொக்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிருஷ்ணா ஆற்றில் மலப்பிரபா சேரும் இடம் கூடலசங்கம; பன்னிரண்டாம் நூற்றாண்டின் பசவண்ணர் தம் இறைவனையே ‘கூடலசங்கமதேவா’ என்று விளித்துப் பாடினார். காவிரியும் பவானியும் சேரும் இடம் நம் பவானி கூடுதுறை. சங்க காலத்திலேயே மதுரைக்குக் ‘கூடல்’ என்று பெயர்.

சரி, ஓசூருக்கு இதில் என்ன பங்கு? இருக்கிறது, பெரிய பங்கு! நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை ஓசூருக்குப் பக்கத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, கெலவரப்பள்ளி அணையில் தேங்கி, கிருஷ்ணகிரி அணையைத் தாண்டி, கிழக்கே ஓடி வங்கக் கடலில் விழுகிறது. விழும் இடம் எது? கடலூர்ப் பக்கம். கடலோரம் இருப்பதால் கடலூர் என்று நினைக்கத் தோன்றும். ஆனால், ஊரின் பழைய பெயர் கூடலூர் என்றே சொல்லப்படுகிறது: தென்பெண்ணையும் கெடிலமும் பரவனாறும் வந்து கூடும் ஊர்! ஆங்கிலேயர் ‘கட்டலோர்’ என்று எழுதிய எழுத்துக்கோவையில் அந்தப் பழைய ‘கூடல்’ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓசூரில் மூன்று மொழிக் ‘கூட’வைக் கேட்டுவிட்டுப் புறப்படும் ஆறு, கூடலூரில் போய்க் கடலோடு கூடுகிறது.

‘கூடல் இழைத்தல்’ என்று ஒரு பழைய வழக்கம் இருந்தது தெரியுமா? காதலனைப் பிரிந்த பெண் கண்ணை மூடிக்கொண்டு மணலில் விரலால் ஒரு வட்டம் வரைவாள். தொடங்கிய புள்ளியும் முடிந்த புள்ளியும் கூடிவிட்டால் அவன் வருவான் என்று நிமித்தம். ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதையும் இந்தக் கூடலிடம் கேட்பதாகவே பாடியிருக்கிறாள். மணலில் போட்ட ஒரு கோட்டுக்கும் மதுரை மாநகருக்கும் ஒரே பெயர்!

ஆறுகள் மட்டுமல்ல, சாலைகளும் இங்கே கூடுகின்றன. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடும் தேசிய நெடுஞ்சாலை 44 நாட்டிலேயே மிக நீளமானது. டெல்லியிலிருந்து ஜெய்ப்பூர், மும்பை வழியாகச் சென்னைக்கு வருவது நெடுஞ்சாலை 48. இரண்டும் டெல்லியைத் தொடுகின்றன. ஒன்று நாக்பூர், ஐதராபாத் பக்கம் போகிறது, மற்றொன்று மேற்குக் கரைப் பக்கம் போகிறது. நாட்டில் பாதியைத் தனித்தனியே சுற்றிவிட்டு, பெங்களூரில் மறுபடி சந்தித்து, ஓசூர் வழியாக ஒரே சாலையாக வருகின்றன. கிருஷ்ணகிரியில் ஒன்று சேலத்துக்கும் மற்றொன்று சென்னைக்கும் பிரிகின்றன. அங்கே நின்றால் ஒரு கை காஷ்மீர்ச் சாலையிலும் மறு கை மும்பைச் சாலையிலும் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம்!

இரண்டு சாலைகள் சேரும் இடத்துக்கு நம் வடமாவட்டங்களில் என்ன பெயர்? ‘கூட்டு ரோடு’. நடத்துநர் “கூட்டு ரோடெல்லாம் எறங்கு” என்று குரல் கொடுப்பாரே, அதுதான். கன்னடத்திலும் ‘கூடு ரஸ்தெ’ என்ற சொல் உண்டு.

அசெம்பிளியும் சங்கமமும் பங்காளிகளா?

ஓசூரில் யாரைக் கேட்டாலும் “சிப்காட்ல வேலை” என்பார்கள். 1971-இல் தமிழக அரசு தொடங்கிய ஒரு தொழில் மேம்பாட்டுக் கழகத்தின் ஆங்கிலப் பெயரில் முதலெழுத்துகளைக் கூட்டினால் வருவது சிப்காட். இன்று அது ஓர் இடத்தின் பெயராக, பேருந்து நிறுத்தத்தின் பெயராக, தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. 1970-களில் இங்கே தொழில் வளாகம் எழுந்த பிறகுதான் ஓசூரின் முகம் மாறியது.

அந்த வளாகத்து வாயில்களில் தொங்கும் பெயர்ப் பலகைகளைப் படித்தால் தலை சுற்றும். டைட்டன்! கிரேக்கப் புராணத்து ராட்சத தேவர்களின் பெயர் என்று மட்டும்தானே நினைத்தோம்? ‘டாடா இண்டஸ்ட்ரீஸ்’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் டி, ஐ. ‘தமிழ்நாடு’ என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் கிடைக்கும் டி, ஏ, என். இரண்டையும் கூட்டினால் டைட்டன்! டாடா குழுமமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் 1984-இல் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம் அது. கையில் டைட்டன் கட்டியிருக்கும் பஞ்சாபிக்காரரும் வங்காளியும் மணிக்கட்டில் தமிழ்நாட்டைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள், அவர்களுக்கே தெரியாமல்! பரோவும் எமனோவும் ‘கூடு’வின் உறவினர்களை விரிந்த பதிப்பில் கூட்டிய அதே 1984 என்பது இன்னும் இனிக்கிறது.

அசோக் லேலண்டைப் பாருங்கள். நிறுவனர் ரகுநந்தன் சரண் தம் மகன் அசோக்கின் பெயரில் 1948-இல் தொடங்கியது அசோக் மோட்டார்ஸ். இங்கிலாந்தின் லங்காஷயரில் லேலண்ட் என்று ஓர் ஊர். அந்த ஊரில் பிறந்த லாரி நிறுவனம் வந்து சேர்ந்ததும் 1955-இல் பெயரும் சேர்ந்தது. ஒரு சிறுவனின் பெயரும் ஓர் ஆங்கிலேய ஊரின் பெயரும் கூடி, 1980 முதல் ஓசூர் ஆலையிலிருந்து லாரியாக வெளியே வருகின்றன. அதே 1980-இல்தான் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. இந்தியாவின் முதல் இருவர் உட்காரக்கூடிய மொபெட். (‘உட்காரக்கூடிய’! அங்கேயும் வந்துவிட்டது பாருங்கள்.) 1984-இல் டிவிஎஸ் நிறுவனம் ஜப்பானின் சுசுகியோடு சேர்ந்து 100 சிசி மோட்டார் சைக்கிள் செய்தபோது வைத்த பெயர் இண்ட்-சுசுகி, இந்தியாவும் சுசுகியும் ஒட்டிய பெயர்.

இந்த ஆலைகளுக்குள் எல்லாரும் சொல்லும் சொல் ‘அசெம்பிளி’. “இஞ்சின் அசெம்பிளில இருக்கேன்”, “இன்னிக்கு லைன் நிக்கல” என்று பேசிக்கொண்டே ஷிப்ட் மாறுகிறார்கள். இந்த அசெம்பிளி எங்கிருந்து வந்தது தெரியுமா? லத்தீனில் ‘சிமுல்’ என்றால் ‘ஒருசேர’. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘அசெம்பிள்’ ஆனது. அந்தச் ‘சிமுல்’ எந்த ஆதிவேரிலிருந்து வந்ததோ, அதே வேரிலிருந்துதான் சமஸ்கிருதத்தின் ‘சம்’ என்ற முன்னொட்டும் வந்தது. சங்கம், சங்கமம், சம்மேளனம் எல்லாவற்றின் தலையிலும் நிற்கும் ‘சம்’! சிப்காட்டின் அசெம்பிளி லைனும் பசவண்ணரின் சங்கமமும் தூரத்துப் பங்காளிகள்!

இப்போது ‘கூடலசங்கம’ என்ற பெயரை மறுபடி சொல்லிப் பாருங்கள். முன்பாதி திராவிடக் குடும்பத்தின் ‘சேரும் இடம்’. பின்பாதி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் ‘சேரும் இடம்’. சேர்க்கைக்கான இரண்டு சொற்களே ஓரிடத்தில் சேர்ந்துவிட்டன!

கடிகாரத்துக்குள் நடக்கும் கூட்டலும் லேசுப்பட்டதல்ல. குவார்ட்ஸ் கடிகாரத்தில் இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த விசித்திர எண்? இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் பதினைந்தாம் அடுக்கில் வருவது இதுதான். சின்னஞ்சிறு மின்சுற்று அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் மிஞ்சுவது சரியாக ஒன்று: ஒரு நொடி! அந்தத் துடிப்புக்கு முள் ஒரு படி நகர்கிறது. படிகம், மின்சுற்று, கம்பிச்சுருள், பற்சக்கரம், டயல், முள், கண்ணாடி என்று ஒவ்வொன்றாகக் கூட்டி மூட வேண்டும். 2002-இல் வந்த டைட்டன் எட்ஜ் கடிகாரத்தின் உள்ளியந்திரம் 1.15 மில்லிமீட்டர் தடிமன்தான். முழுக் கடிகாரமே மூன்றரை மில்லிமீட்டர்! சுற்றுவட்டக் கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்துப் பழக்கி உருவானது டைட்டன் ஆலை. 1990-களில் மிராடா தொண்டு நிறுவனத்தின் துணையோடு மகளிர் சுய உதவிக் குழுக்களைக் கொண்டு ‘மெடோ’ என்ற அமைப்பு உருவாகி, கிராமத்துப் பெண்கள் கடிகாரத்துக்கான சிறு வேலைகளைக் கூட்டாக எடுத்துச் செய்தார்கள். டைட்டன் கடிகாரத்தைப் பற்றிப் பேசும்போது பொறியியலை மட்டும் பேசிவிட்டு இந்தப் பெண்களை விட்டுவிடுவது நியாயமில்லை.

நிறுவனப் பெயர்களைப் பார்த்தோம். ஓசூர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? ‘ஹொஸ ஊரு’, கன்னடத்தில் புதிய ஊர். பழைய கன்னடத்தில் ‘பொஸ’ என்றிருந்தது பிற்பாடு ‘ஹொஸ’ ஆனது. பால் ‘ஹாலு’ ஆனதும், பத்து ‘ஹத்து’ ஆனதும், பள்ளி ‘ஹள்ளி’ ஆனதும் அதே மாற்றத்தால். அந்தப் ‘பொஸ’ நம் ‘புது’வின் உடன்பிறப்பு. ஆக, ஓசூர் என்றால் புத்தூர்தான்!

பறவைக் கூடும் இதே கூடா?

இல்லை! இங்கேதான் எல்லைப்புறக் காது உதவிக்கு வருகிறது. தமிழ் எழுத்தில் குருவிக்கூடும் கூடுதலும் ஒன்று போலவே இருப்பதால், குச்சிகளைக் கூட்டிக் கட்டுவதால்தான் கூடு என்று சொல்லிவிடத் தோன்றும். பரோவும் எமனோவும் இரண்டையும் தனித்தனிப் பதிவாக வைத்தார்கள். காரணம் அக்கம்பக்கத்து மொழிகளில் இருக்கிறது. சேர்வதற்குக் கன்னடமும் தெலுங்கும் ‘கல்’லில் வரும் க-வை வைத்துக் ‘கூடு’ என்கின்றன. பறவைக் கூட்டுக்கோ, ‘கங்கை’யின் தொடக்கத்தில் நாம் உச்சரிக்கும் மென்மையான க-வைப் போடுகின்றன. கிருஷ்ணகிரி விவசாயி ‘பட்டுக்கூடு’ என்று மூட்டை கட்டிக் கர்நாடகத்தின் ராமநகரச் சந்தைக்குக் கொண்டுபோனால், அங்கே ‘ரேஷ்மெ கூடு’ என்று அந்த மென்மையான க-வோடுதான் ஏலம் போகும். ஆசியாவிலேயே பெரிய பட்டுக்கூட்டுச் சந்தை என்று பெயர் பெற்ற சந்தை அது.

தெலுங்கில் இன்னொரு ‘கூடு’ம் உண்டு! அதற்குச் சோறு என்று பொருள். நம் ழகரம் தெலுங்கில் பல இடங்களில் டகரமாகும்: ஏழு அங்கே ‘ஏடு’, கோழி ‘கோடி’. அந்தக் கணக்கில் நம் கூழ் ‘கூடு’ ஆனது! அதனால்தான் தெலுங்கில் மனிதனுக்கு வேண்டிய மூன்றை ‘கூடு, கூடு, குட்ட’ என்பார்கள். தமிழ் எழுத்தில் எழுதினால் முதல் இரண்டும் ஒரே சொல் போலத் தெரியும். காதில் விழும்போது வேறு வேறு: முதல் கூடு நம் கூழ், இரண்டாவது நாம் குடியிருக்கும் கூடு, மூன்றாவது உடுத்தத் துணி.